மூன்று கார்டு மாறிய பூசணிக்காய்

உட்காருங்கள், ஐயரம்மா. அந்த நாற்காலி வேண்டாம், அது ஆடும். இப்படி மின்விசிறிக்குக் கீழே வாருங்கள். ஐயர் நம் சபைக்குக் குருவாக மாற்றலாகி வந்து மூன்று மாதம் ஆகப்போகிறது; இன்றுதான் உங்களுக்கு என் வீட்டு வாசல் தெரிந்திருக்கிறது. குறையாகச் சொல்லவில்லை. வீடு வீடாகச் சந்திக்கும்போது யாராவது ஒருவர் கடைசியில்தான் வருவார்கள். என் அண்ணன் வீட்டுக்கு முதல் வாரமே போய்விட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதையும் குறையாகச் சொல்லவில்லை.

அறுப்பின் பண்டிகை விஷயமாக ஏதோ சொல்ல வந்திருக்கிறீர்கள். தெரியும். அதற்கு முன்னால் நான் ஒன்று சொல்லிவிடுகிறேன். பெண்கள் பள்ளியில் காலமெல்லாம் கணக்கு கற்பித்து, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள் நான். நடந்ததை நடந்த வரிசையில்தான் சொல்வேன். சந்தேகம் இருந்தால் கடைசியில் கேளுங்கள். நடுவில் கை தூக்க வேண்டாம்.

உங்கள் முந்தைய சபையில் எப்படியோ, இங்கே அறுப்பின் பண்டிகை என்றால் ஏலம். ஆராதனை முடிந்ததும், படைத்த வாழைத்தார், கோழி, கரும்பு, கருப்பட்டி எல்லாவற்றையும் ஆலய வளாகத்து வேப்பமரத்தடியில் வைத்து ஏலம் விடுவார்கள். ஒற்றைக் கத்தரிக்காய் ஐந்நூறு ரூபாய்க்குப் போகும். அந்த விலை கத்தரிக்காய்க்கு அல்ல, கர்த்தருக்கு என்பது எல்லோருக்கும் தெரியும். ஆண்டிலேயே அதிக விலைக்கு எடுத்தவர் யாரோ, அவர் பெயரை மறு ஆண்டுப் பண்டிகையில் பீடத்திலிருந்து வாசிப்பார்கள். அவர் எழுந்து வந்து முதல் பொருளைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் அந்த ஆண்டு ஏலம் தொடங்கும். பெருமைக்காக அல்ல, ஒழுங்குக்காக.

வருகிற ஞாயிறு வாசிக்கப்பட வேண்டிய பெயர் ஞானதிலகம் ஐசக். என் பெயர். இதுதான் என் விண்ணப்பம். சுகிர்தம் சாமுவேல் என்று யாராவது ஐயரிடம் எழுதிக் கொடுத்திருந்தால் அது தவறு. சுகிர்தம் யார் என்று கேட்க வருகிறீர்கள். முதல் வாரமே அவர்கள் வீட்டில் முறுக்கு சாப்பிட்டிருக்கிறீர்களே, என் அண்ணன் மனைவி. என் மதினி. அவர்களைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் தவறாகச் சொல்ல மாட்டேன். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

போன ஆண்டு மதினி அவர்கள் ஒரு பூசணிக்காய் படைத்தார்கள். பெரிய காய்தான். மறுக்கவில்லை. ஆனால் அதை ஆலயத்துக்குள் கொண்டுவர ஆட்டோ வைத்து, இரண்டு பேரைத் தூக்கச் சொல்லி, தான் முன்னால் நடந்து வந்தார்கள் பாருங்கள், அது தேவையா? மகாராணி போல் வந்தது காயா, மதினியா என்று கேட்டால் பதில் சொல்வது கடினம்.

ஏலம் விடுகிறவர் பொன்னுத்துரை. அவர் மைக்கைப் பிடித்தாலே ஊருக்கு உற்சாகம் வந்துவிடும். "பூசணிக்காய் நூறு ரூவா, கேக்கிறவுக கேளுங்க!" என்றார். யாரும் கேட்கவில்லை. படைத்த குடும்பத்துக்கு அவமானமாகப் போய்விடுமே என்று, மதினிக்கு ஆதரவாக, நான்தான் நூற்றைம்பது என்று ஆரம்பித்து வைத்தேன். நல்லெண்ணத்தில். உடனே எதிர்ப்பக்கத்திலிருந்து மதினி, "இருநூறு!" என்றார்கள். தன் காயைத் தானே எடுத்துக்கொண்டு போவதற்கு எதற்குப் படைப்பது? முந்நூறு என்றேன். அவர்கள் ஐந்நூறு. இப்படியே போயிற்று. ஐயாயிரத்தைத் தாண்டியபோது மற்றவர்களெல்லாம் அவரவர் கோழியை மறந்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். எனக்குப் பின்னால் இருந்த ஒரு பெண், "டீச்சர், விட்றாதீங்க" என்றாள். நான் திரும்பி முறைத்தேன். ஆலய வளாகத்தில் அப்படிப் பேசலாமா? முறைத்துவிட்டு, "இருபதாயிரம்" என்றேன்.

மதினி நாற்பதாயிரம் வரைக்கும் வந்தார்கள். நான் நாற்பத்தோராயிரம். அவர்கள் வாயைத் திறந்தார்கள். பக்கத்தில் நின்ற என் அண்ணன் அவர்கள் காலை மிதித்தார். பொன்னுத்துரை மூன்று தரம் சொல்லி முடித்தார். என் மனத்தில் ஒரு துளி அகந்தை இருந்ததா? இல்லை. சமாதானமாக இருந்தது. அன்று மாலை காயை வெட்டித் தெரு முழுவதும் கொடுத்தேன். அண்ணன் வீட்டுக்கும் ஒரு நல்ல கீற்று அனுப்பி வைத்தேன். அது திரும்பி வந்தது.

பணத்தை அங்கேயே கார்டில் கட்டிவிட்டேன். கிரெடிட் கார்டு. அதற்குக் காரணம் ஜெபின். ஜெபின் மதினியின் மகன், என் மருமகன் முறை. கார்டு விற்கிற ஒரு நிறுவனத்தில் வேலை. மாதம் இத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்று அவனுக்குக் கட்டளை. முதலில் சொந்தக்காரர்களைத்தான் சேர்த்தான். ஆலயத்துக்குக் கார்டு தேய்க்கிற மெஷினும் அவன் கொண்டுவந்ததுதான். கையில் ரொக்கமாக இருந்திருந்தால் நாற்பத்தோராயிரத்தை எண்ணும்போதே பாதியில் நிறுத்தியிருப்பேன். கார்டைத் தேய்க்கும்போது ஒன்றும் தெரியவில்லை, ஐயரம்மா. கரும்பலகையைத் துடைத்த மாதிரி இருந்தது.

எங்கள் வீட்டு சாரிடம், என் கணவரைத்தான் சொல்கிறேன், இதைச் சொல்லவில்லை. மறைத்தேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்காத கேள்விக்குப் பதில் எழுதினால் மதிப்பெண் கிடையாது.

கார்டு நிறுவனம் மாதா மாதம் 'குறைந்தபட்சத் தொகை' என்று ஒரு தொகையைக் கேட்டது. கேட்டதைக் கேட்ட தேதிக்கு முன்னாலேயே கட்டினேன். என் வாழ்க்கையில் தாமதம் என்பதே கிடையாது. ஆலய மணி அடிக்கும் முன்னால் இருக்கையில் இருப்பவள். ஐந்து மாதம் ஒழுங்காகக் கட்டிவிட்டு, மீதி எவ்வளவு என்று பார்த்தால், பூசணிக்காய் அப்படியே இருக்கிறது. ஓர் ஓரத்தில் கொஞ்சம் சுரண்டியிருக்கிறது, அவ்வளவுதான். தவறு இருக்கிறது என்று ஜெபினை வரச் சொன்னேன்.

"தப்பில்ல அத்தை, அது வட்டி," என்றான். "நீங்க கெட்டுனதுல முக்காவாசி வட்டிக்கே போயிரும்லா."

"முழுவதையும் கட்டச் சொல்லியிருக்க வேண்டியதுதானே அவர்கள்? குறைந்தபட்சம் என்று எதற்குக் கேட்கிறார்கள்?"

"முழுசையும் கெட்டிட்டா அவுகளுக்கு என்ன லாவம்?"

தேர்வில் முப்பத்தைந்து வாங்கினால் போதும் என்று ஆசிரியரே பிள்ளையிடம் சொல்லலாமா? இதைத்தான் அவனிடம் கேட்டேன். அவன் சிரித்தான். "கவலைப்படாதீங்க அத்தை. வேற கம்பெனி கார்டு ஒண்ணு எடுத்து, இந்தப் பாக்கிய அங்க மாத்திருவோம். மூணு மாசத்துக்கு வட்டி கெடையாது. நான் பாத்துக்கிடுதேன்," என்றான்.

மாற்றினோம். எவ்வளவு நிம்மதி தெரியுமா? முதல் கார்டில் பூஜ்யம். சுத்தமான பூஜ்யம். கடன் தீர்ந்தது என்று அன்றிரவு தனியாக ஸ்தோத்திரம் சொன்னேன். இரண்டாவது கார்டில் மாற்றுக் கட்டணத்தோடு சேர்த்து அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது உண்மைதான். ஆனால் அது வேறு கார்டு. பள்ளியில் எங்களிடம் தேறாத பிள்ளை டி.சி. வாங்கிக்கொண்டு வேறு பள்ளிக்குப் போய்விட்டால், நம் பள்ளியின் தேர்ச்சி விகிதம் உயர்ந்துவிடும் அல்லவா? அப்படித்தான்.

மூன்று மாதம் முடிகிற நேரத்தில் இன்னொரு பள்ளி தேட வேண்டியதாயிற்று. மறுபடியும் ஜெபின். "உங்க வயசுக்கு இனிமே புதுக் கார்டு கஷ்டம் அத்தை. ஆனா ஒரு வழி இருக்கு," என்று போனான், ஒரு வாரத்தில் கார்டோடு வந்தான். என் பெயர் அழகாக அச்சடித்திருந்தது. என் பெயர் இருந்தால் அது என் கார்டு. அப்படித்தானே எந்தப் படித்தவரும் நினைப்பார்? போனில் வந்த எண்ணைக் கேட்டான், சொன்னேன். பாக்கி அங்கே போயிற்று. இரண்டாவது கார்டிலும் பூஜ்யம்.

அது கூடுதல் கார்டாம். ஒருவருடைய கணக்கில் குடும்பத்தார் பெயருக்கு இலவசமாகக் கொடுக்கிற துணைக் கார்டு. கணக்கு யாருடையது? கேளுங்கள் ஐயரம்மா, இப்போது கேட்கலாம். மதினியுடையது. அவர்கள் போனையும் கார்டையும் பார்த்துக்கொள்கிறவன் அவன்தான். 'எல்லாம் ஒரே குடும்பந்தான' என்று நினைத்தானாம்! ஒரே குடும்பமாக இருந்தால் பூசணிக்காய் நாற்பத்தோராயிரத்துக்குப் போயிருக்குமா? இந்தச் சின்னக் கணக்கு அவனுக்குத் தெரியவில்லை.

எனக்கோ மதினிக்கோ ஒன்றும் தெரியாது. மதினி டவுனுக்கு ஒரு துணிக்கடைக்குப் போயிருக்கிறார்கள். அங்கிருந்து நேராக ஆட்டோவில் என் வீட்டு வாசலில் வந்து இறங்கினார்கள். ஆட்டோக்காரருக்குப் பணம்கூடக் கொடுக்கவில்லை.

"ஏட்டி திலகம்! வெளிய வா!"

ஓய்வுபெற்ற தலைமையாசிரியையை, நடுத்தெருவில், ஏட்டி. நான் அமைதியாகப் போய், "உள்ளே வாருங்கள் மதினி, காப்பி குடிக்கலாம்," என்றேன்.

"காப்பியா? நாலு சீலை எடுத்து வச்சிட்டுக் கார்டை நீட்டுதேன். அந்தப் புள்ள தேய்க்கா, தேய்க்கா, தொடச்சிட்டும் தேய்க்கா. 'அம்மா, இதுல லிமிட்டு இல்ல'ங்கா. பக்கத்துல நம்ம ஊரு ஆஸ்பத்திரி நர்சு ரெண்டு பேரு நிக்காளுவ! கம்பெனிக்குப் போனைப் போட்டா, ஞானதிலகம்னு ஒரு அம்மா நாப்பதாயிரத்தைக் கொண்டாந்து ஏத்திருக்காங்கன்னு சொல்லுதான். என் கார்டுல உன் பூசணிக்காய் என்னத்துக்குட்டி உக்காந்திருக்கு?"

நான் என் கார்டைக் கொண்டுவந்து காட்டினேன். "என் பெயர் போட்டிருக்கிறது பாருங்கள்," என்றேன். அவர்கள் தங்கள் கார்டைக் காட்டினார்கள். வாசலில் நின்று இருவரும் எண்களை ஒத்துப் பார்த்தோம். ஆட்டோக்காரரும் இறங்கி வந்து பார்த்தார். "ரெண்டும் ஒரே கணக்குத்தாம்மா," என்று தீர்ப்பும் சொன்னார். மீட்டர் போட்டுக்கொண்டு சொன்னார்.

இத்தனைக்கும் நடுவில் எங்கள் வீட்டு சார் செய்தித்தாளோடு வெளியே வந்தார். எல்லாவற்றையும் கேட்டார். தலை குனிந்து நின்றேன். "எந்தப் பூசணிக்காய்? நாம் சாப்பிட்டதா? அது கொஞ்சம் நீர்த்த காய்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மதினிக்கு அது என்னைவிட அதிகமாகச் சுட்டது. அவர்கள் காய் அல்லவா?

ஒரு வாரத்தில் பணத்தைக் கொடுத்துவிடுகிறேன் என்று அன்றே சொன்னேன். அவர்கள் காத்திருந்தார்களா? இல்லை. மறுநாளே வங்கியில் வைப்பு நிதியை உடைத்து, பாக்கி முழுவதையும் ஒரே நாளில் கட்டித் தீர்த்தார்கள். நல்ல காரியம் என்று தோன்றும். அடுத்த ஞாயிறு பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் எழுந்து நின்று சாட்சி சொன்னார்கள், ஐயரம்மா! "கர்த்தருடைய கிருபையால போன வருசத்துப் பூசணிக்காய் கடைசில எங்க குடும்பத்துக்கே வந்து சேர்ந்துச்சு." அத்தனை பேரும் ஆமென் சொன்னார்கள். நான் சொல்லவில்லை.

அன்று புரிந்தது. அவர்கள் கடனைக் கட்டவில்லை, ஏலத்தை முடித்திருக்கிறார்கள்.

அண்ணனிடம் காசோலை கொடுத்தனுப்பினேன். திருப்பி அனுப்பினார்கள். மறுபடியும் அனுப்பினேன். பாவம் அண்ணன், இரண்டு வீட்டுக்கும் நடுவில் காசோலையும் கையுமாக நடந்து நடந்து, கடைசியில், "ரெண்டு பேரும் என்னைய ஏலம் விட்டுருங்கம்மா, யாராவது கொண்டு போவட்டும்," என்றார். அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. மதினி வாங்க மறுக்கலாம், கார்டு மறுக்குமா? கார்டு எண் தெரிந்தால் யார் வேண்டுமானாலும் எந்தக் கார்டுக்கும் பணம் கட்டலாம். அவர்கள் கார்டின் எண்தான் என்னிடம் இருக்கிறதே. அவர்கள் கட்டித் தீர்த்த தொகையையும், அதன் மேல் வட்டியையும் கணக்கிட்டு, ஒரு பைசா குறையாமல் அவர்கள் கார்டில் கட்டிவிட்டேன். அவர்களால் தடுக்க முடியவில்லை.

பணம் ஏது என்றா பார்க்கிறீர்கள்? முதல் கார்டு சும்மாதானே இருந்தது. நான் ஒழுங்காகக் கட்டுகிறவள் என்று மெச்சி, கடன் வேண்டுமா, கடன் வேண்டுமா என்று தினமும் ஒரு பெண் மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதில் எடுத்தேன். ஆக, இப்போது நான் மதினிக்கு ஒரு பைசா கடன்பட்டவள் அல்ல. நிமிர்ந்து நடக்கிறேன். யாருக்கும் கடனில்லை. கார்டுக்கு மட்டும்தான்.

மதினி என்ன செய்தார்கள் தெரியுமா? கார்டில் தேவைக்கு அதிகமாகக் கிடந்த என் பணத்தை, அடுத்த ஞாயிறு ஆலயத்து மெஷினில் ஒரே தேய்ப்பாகத் தேய்த்துக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டார்கள். ரசீது சுகிர்தம் சாமுவேல் பெயரில். ஒரே பூசணிக்காய்க்கு ஆலயத்துக்கு இரண்டு தரம் பணம் வந்திருக்கிறது. கார்டு நிறுவனங்களுக்கு எத்தனை தரம் என்று நான் கணக்குப் போடவில்லை. போடத் தெரியாமல் அல்ல.

அன்றிலிருந்து பேச்சு இல்லை. ஆலயத்தில் ஒரே இருக்கை வரிசையில் நடுவில் இரண்டு பேருக்கு இடம் விட்டு உட்காருகிறோம்; புதிதாக வருகிறவர்கள் அங்கே வந்து உட்கார்ந்துவிட்டு ஏனென்று தெரியாமல் நெளிகிறார்கள். என் பிறந்தநாளுக்கு அண்ணன் வாசலுக்கு வெளியிலேயே நின்று வாழ்த்திவிட்டுப் போனார். உள்ளே வந்தால் அங்கே பதில் சொல்ல வேண்டுமாம். இருபத்தெட்டு வருடத்தில் மதினி அனுப்பாத கிறிஸ்துமஸ் பலகாரம் கிடையாது. போன கிறிஸ்துமஸ் வரைக்கும் வந்தது. அதைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. சர்க்கரை இருக்கிறது, நான் சாப்பிடுவதும் இல்லை. சார்தான் தேடுவார்.

அதனால்தான் சொல்கிறேன், ஐயரம்மா. ஞாயிறு அன்று என் பெயரை வாசிக்கட்டும். ஏலத்தில் கூப்பிட்டவள் நான். கை தூக்கியவள் நான். ஊர் பார்த்தது. பிறகு யார் எந்தக் கார்டில் எதைக் கட்டினார்கள் என்பது ஐயருக்குத் தேவையில்லாத கணக்கு.

என் பக்கம் முடிந்தது. இப்போது நீங்கள் சொல்லலாம். வந்ததிலிருந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறீர்கள்.

என்ன?

மறுபடியும் சொல்லுங்கள்.

ஏலமே இல்லையா? இந்த ஆண்டு முதலா? கமிட்டியில் தீர்மானம் போட்டாகிவிட்டதா? பெயர் எழுதாத உறையில் அவரவர் காணிக்கையைப் போட்டு... பெயர் எழுதாமலா? யார் எவ்வளவு போட்டார்கள் என்று எப்படித் தெரியும்? தெரியக்கூடாது என்பதற்காகத்தானா.

ஏன் என்று நான் கேட்கலாமா? சபையில் இரண்டு குடும்பங்களுக்குள் மனஸ்தாபம் வந்துவிட்டதாமா? எந்த இரண்டு குடும்பம்? இருக்கும், இருக்கும். எல்லாச் சபையிலும் அப்படி இரண்டு பேர் இருப்பார்கள். அவர்களைக் கூப்பிட்டுக் கண்டித்திருக்க வேண்டியதுதானே? அவர்கள் செய்ததற்கு ஊர் முழுவதும் தண்டனையா? நான் பள்ளியில் ஒருபோதும் அப்படிச் செய்ததில்லை. குறும்பு செய்த இரண்டு பேரை வெளியே நிறுத்துவேன். விளையாட்டையே நிறுத்த மாட்டேன்.

இல்லை ஐயரம்மா, எழுந்திருக்காதீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்தப் போனை இப்படி எடுங்கள்.

மணி அடிக்கிறது. எடுக்க மாட்டார்கள். இல்லை, எடுத்துவிட்டார்கள்.

மதினி, நான்தான். எந்தத் திலகமா? உங்களுக்கு எத்தனை திலகம்? அதெல்லாம் இருக்கட்டும், அதைப் பிறகு பேசுவோம். செய்தி தெரியுமா உங்களுக்கு? ஏலம் கிடையாதாம். ஆமாம். நம் ஐயரம்மா இங்கேதான் இருக்கிறார்கள், அவர்கள் வாயாலேயே சொல்கிறார்கள். உறையாம். பெயர்கூட எழுதக்கூடாதாம். ஆமாம் மதினி, அதைத்தான் நானும் சொன்னேன். வாழைத்தாரா? இந்த ஆண்டு வாழை வளர்த்திருக்கிறீர்களா? எத்தனை சீப்பு? நல்லது, நல்லது. அதை உறைக்குள் போட முடியுமா? கேட்கிறேன். நீங்களே வந்து கேளுங்கள். இல்லை, கமிட்டிக்கு இருவரும் சேர்ந்தே போவோம். முதலில் நான் பேசுகிறேன், நீங்கள் பிறகு... சரி, வயதில் மூத்தவர்கள், நீங்களே முதலில் பேசுங்கள். வாருங்கள். ஆட்டோவுக்கு நான் கொடுத்துக்கொள்கிறேன். இல்லை, நான்தான் கொடுப்பேன். மதினி, நான்தான் கொடுப்பேன் என்று சொல்கிறேன்!

வைத்துவிட்டார்கள்.

உட்காருங்கள், ஐயரம்மா, வந்துகொண்டிருக்கிறார்கள். வந்ததும் முழுக் கதையையும் ஆதியிலிருந்து சொல்வார்கள். பொறுமையாகக் கேளுங்கள், எதையும் நம்ப வேண்டாம். ஏலம் வேண்டும் என்று சொல்வார்கள், அதை மட்டும் அப்படியே ஐயரிடம் கொண்டுபோய்ச் சொல்லுங்கள்.